நாங்கள் சேர்க்காத சொல்

என் கணவருக்கும் எனக்கும் பேச்சு ஒன்று, எழுத்து வேறு. நான் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்து தமிழில் பத்தாவது வரை படித்தவள். அவர் நகரியில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கு ஐந்தாவது வரை போனவர். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எனக்குத் தெலுங்கில் பஸ் போர்டைத் தாண்டி எதுவும் ஓடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது ஒரு குறையாகவே பட்டதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் யார் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள்? எதுவானாலும் வாயால் சொன்னால் தீர்ந்தது. அந்த வாய்தான் முதலில் போயிற்று.

அவர் விசைத்தறி ஓட்டினார். அதே கொட்டகையில் நான் ஊடைக்குத் தார் சுற்றினேன், அதாவது தறியில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றும் வேலை. தறி ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாருக்கும் கைதான் வாய். உள்ளங்கையைக் காட்டினால் தறியை நிறுத்து. இரண்டு விரலைத் திருகிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இப்படி ஒரு முப்பது நாற்பது சைகை நகரியில் தறி ஓட்டுகிற எவருக்கும் தெரியும். ஆகவே அவர் நாக்கு குழற ஆரம்பித்தது கொட்டகையில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டில்தான் பட்டது.

"இன்னாடா, பட்டப்பகல்ல ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றாள் அத்தை. அத்தை என்றால் என் மாமியார். அவர் எனக்கு மாமன் முறை, அதனால் அவரை மாமா என்றும் அவளை அத்தை என்றும் கூப்பிட்டே பழக்கம். பிள்ளை இல்லாத வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அவர் குடிக்கிறவர் இல்லை என்று அவளுக்கே தெரியும். சோறு தின்னும்போது புரையேறியது. பிறகு வலது கை தளர்ந்து, நாடாவில் தார் மாட்ட முடியாமல் போயிற்று. சித்தூரில் என் அண்ணன் இருக்கிறான் என்பதால் முதலில் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசாமல் திருப்பதிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்பதியில் சொல்லிவிட்டார்கள். தசையை ஆட்டுகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிறது. மருந்து கிடையாது. கை, கால், தொண்டை, கடைசியில் மூச்சு. மூளைக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் புரியும். கண் மட்டும் பெரும்பாலும் கடைசி வரை ஆடும்.

எல்லாம் புரியும் என்று அந்த டாக்டர் சொன்னபோது அதை நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். எனக்கிருந்த புத்தி அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி பெரிய அட்டை ஒன்று தந்தாள். அதில் தெலுங்கு எழுத்து முழுக்க இருந்தது. நான் விரலை ஓட்ட வேண்டும், சரியான எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூட வேண்டும். அதற்குக் கொம்பு, சுழி, கீழே ஒட்டிக்கொள்ளும் எழுத்து என்று இன்னும் இருக்கிறது. தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் அவர் கூட்டி, எழுத்தே சரியாகத் தெரியாத நான் அதைப் பிரித்து, 'தண்ணி' என்று கண்டுபிடித்து முடிப்பதற்குள் அவருக்குத் தாகம் போய் அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த அட்டையை அத்தை அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டுவிட்டாள்.

வேறு வழி இல்லாமல்தான் நாங்களே ஒரு பாஷை கட்ட ஆரம்பித்தோம். ஆசைக்கோ பொழுது போக்கவோ செய்தது இல்லை. இடது கையில் கட்டை விரல் இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. வாயில் வருகிற சத்தத்தில் பாதியை நான் ஊகித்துக்கொள்வேன். அதுவும் போவதற்குள் கட்டி முடிக்க வேண்டும்.

முதலில் ஆமாம், இல்லை. கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். மேலே பார்த்தால் இல்லை. இது எல்லாரும் செய்வதுதான்.

அடுத்து ஆள். கட்டில் இடது பக்கம் சுவரை ஒட்டியிருந்தது, வலது பக்கம் நான் உட்காருவேன். சுவரைப் பார்த்தால் நான். என்னைப் பார்த்தால் நீ. மற்ற ஆள், பொருள், வேலை எல்லாவற்றையும் வரிசைகளாகப் பிரித்தோம். உடம்பு, வீடு, ஆளு, தறி, வெளி. நான் வரிசையின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவேன், அவர் ஒன்றில் கண்ணை மூடுவார். பிறகு அந்த வரிசைக்குள் இருக்கும் சொற்களைச் சொல்லுவேன், மறுபடி மூடுவார். எதிலுமே மூடாவிட்டால் "புதுசா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால் நான் ஊகிக்க வேண்டும். ஊகித்தது சரியாக இருந்தால் அந்தச் சொல் ஏதாவது ஒரு வரிசையில் சேர்ந்துவிடும். எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. அவர் கண்ணால் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் என் வாய்தான் சொல்லியாக வேண்டும்.

சொல் சேர்ந்தால் பாஷை ஆகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் 'அம்மா, நீ, திட்டு' என்றார். அத்தையை நான் திட்டினேன் என்று புருஷன் பஞ்சாயத்து வைக்கிறார் என்று எனக்குப் பட்டது. பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"படுத்த படுக்கையிலயும் உனக்கு உங்கம்மா கட்சிதான், இல்ல?" என்று எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் வரை கிட்டே போகவில்லை. அப்புறம் பார்த்தால் அவர் சொன்னது, 'அம்மா உன்னைத் திட்டினாள், பாவம் நீ' என்று. அன்றைக்கு ஒரு விதி வந்தது. முதலில் பார்க்கிற ஆள் செய்கிற ஆள். வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆளுக்குப் பின்னால் ஒரு சிமிட்டல். அந்த விதிக்கு அவர் சிரித்தார். முகத்தில் ஒன்றும் அசையாது, கண்ணில் மட்டும் தெரியும்.

காலத்தை அவர்தான் கொண்டுவந்தார். நேற்று, நாளை என்று நான் தனித்தனிச் சொல்லாக வைத்திருந்தேன், அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். தறியில் நெய்து முடித்த துணி வயிற்றுக்கு நேரே கீழே உருளையில் சுற்றிக்கொள்ளும். இன்னும் நெய்ய வேண்டிய பாவு எதிர்ப்பக்கம் இருக்கும். அதனால் ஒரு வாக்கியம் முடிந்ததும் கீழே வயிற்றைப் பார்த்தால் நடந்துவிட்டது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தால் இனிமேல் நடக்கப்போவது. எனக்கு இது விளங்கப் பல நாள் ஆயிற்று. விளங்கியதும் கொட்டகையில் இரைச்சலுக்கு நடுவே அவர் நின்றிருந்த நிற்பு ஞாபகம் வந்து, கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கண்ணை அகல விரித்தால் கேள்வி. இது சுலபமாக வந்தது.

படாத பாடு படுத்தியது 'ஒருவேளை'தான். எங்கள் வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட், மழை வந்தால் கட்டில்மேலேயே ஒழுகும். அவர் 'மழை, கட்டில், நகர்த்து' என்றார். வெயில் கொளுத்துகிறது. பைத்தியக்காரி மாதிரி நானும் அத்தையும் கட்டிலைப் பிடித்து இழுத்தோம். அவர் இல்லை, இல்லை என்று மேலேயே பார்க்கிறார். நாங்கள் மறுபக்கம் இழுத்தோம். அதற்கும் இல்லை. அத்தை தரையில் உட்கார்ந்து, "இன்னாதான்டா ஓணும் உனக்கு?" என்று கத்தினாள். மழை வந்தால் நகர்த்து என்று சொல்ல எங்கள் பாஷையில் இடமே இல்லை. கடைசியில் கண்ணை மூடி, திறக்காமல் அப்படியே வைத்திருப்பது என்று வைத்தோம். மூடியே இருந்தால் ஒருவேளை. திறந்தபிறகு முதலில் வருவது நடந்தால், அடுத்து வருவது அப்போது செய்ய வேண்டியது. அடுத்த மழைக்குக் கட்டில் சரியாக நகர்ந்தது. அன்றைக்கு உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இனி எது வந்தாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நம்பினேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உடம்பு வரிசையை நாங்கள் கட்டியபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வலி, அரிப்பு, மூத்திரம், சளி, மூச்சு என்று வந்தது. மூச்சுக்கு அடுத்து என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அந்தப் பேச்சுலாம் அதுல சேக்காதீங்கமே," என்றாள் அத்தை தலை நிமிராமல். "சொன்னா பலிச்சிடும்."

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் 'நெறஞ்சி கீது' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை. வெளியே கிளம்புகிறவர் 'போறேன்' என்று சொன்னால் அத்தை திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, 'போய்ட்டு வரேன்' என்று சொல்லவைத்து அனுப்புவாள். அந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்த வீட்டுக்கு வாழ வந்து பழகியவள் நான். அவர் கட்டை விரலை ஆட்டி, வேண்டாம் விடு என்றார். நானும் விட்டேன். தீர்ந்தது, அணைந்தது, போய்விட்டது, கடைசி என்று அந்த வாடை அடிக்கிற எந்தச் சொல்லும் எங்கள் பாஷைக்குள் வரவில்லை. மூன்று பேரும் ஒரே மனசாகத்தான் அதைச் செய்தோம். சுத்தமான, மங்கலமான ஒரு பாஷை.

கட்டை விரலும் நின்ற பிறகு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. மறுபடியும் திருப்பதி. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி போட்டு மெஷினில் காற்று அடித்தார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இது போதவில்லை என்றார். தொண்டையில் துளை போட்டு, அதில் குழாய் வைத்து, பெரிய மெஷினில் மாட்டினால் வருஷக்கணக்கில்கூட உயிர் இருக்கும். ஆனால் இப்படியேதான் இருப்பார், எழுந்திருக்கப்போவதில்லை. வேண்டாம் என்றால் முகமூடியோடு வீட்டுக்குப் போகலாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. ரொம்ப யோசிக்க நேரமில்லை.

"நான் இன்னா சார் சொல்றது?" என்றேன்.

"ஆயன்னே அடகண்டம்மா," என்றார் டாக்டர். அவரையே கேளுங்கள் என்கிறார். "அவருக்கு அறிவு இருக்குல்ல? அவருதான் சொல்லணும்."

நல்ல மனுஷன். அப்படிக் கேட்கச் சொல்லுகிற டாக்டர் எத்தனை பேர்? எனக்குத் தைரியம்கூட வந்தது. எங்களுக்குத்தான் பாஷை இருக்கிறதே.

போய் உட்கார்ந்து, குழாய் பற்றி டாக்டர் சொன்னதை எல்லாம் விளக்கிவிட்டு, "மாமா, கொழா வேணுமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடவும் இல்லை, மேலே பார்க்கவும் இல்லை. எனக்கு மறுபக்கம், வீட்டில் சுவர் இருக்கும் பக்கம் பார்த்தார். நான். கண்ணை மூடி அப்படியே வைத்திருந்தார். ஒருவேளை. திறந்தார். நான் வரிசையைச் சொன்னேன். உடம்பு? இல்லை. வீடு? இல்லை. ஆளு, தறி, வெளி? இல்லை, இல்லை, இல்லை.

"புதுசா?"

ஆமாம்.

நான் ஊகிக்க ஆரம்பித்தேன். நீ ஒருவேளை வீட்டுக்குப் போனால் என்கிறாயா? இல்லை. தூங்கினால்? விழுந்தால்? சளி கட்டினால்? கோயிலுக்கு ஏதாவது வேண்டுதலா? மொட்டையா? கடனா? இல்லை. அவர் விடாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான். ஒருவேளை. அப்புறம் நான் சொல்ல வேண்டிய ஒரு சொல். உலகத்தில் இருக்கிற சொல்லை எல்லாம் சொன்னேன். சாம்பார் முதல் சினிமா வரை சொன்னேன். அவர் கண் சிவந்து நீர் வழிந்தது. முகமூடிக்குள் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அவர் களைத்துத் தூங்கிவிட்டார். எழுந்ததும் மறுபடி அதேதான். நான். ஒருவேளை.

அன்றைக்கும் மறுநாளும் அப்படியே போயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று கேட்டார். "கேட்டுக்கினே கீறேன் சார்," என்றேன். அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். சித்தூரிலிருந்து அண்ணன் வந்தான். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி என்னைக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னான்.

"பாப்பா, காத்து கம்மியாயி மூளைக்கு எட்டிடுச்சி போல. அவுரு சொல்றது அவுருக்கே புரில. நீ கேட்டுக்கினு உக்காந்தா ஆளு இருக்க மாட்டாரு. நீயே முடிவு பண்ணு."

அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம்தான். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதும் சரிந்துவிட்டதா? கண்ணுக்குப் பின்னால் அவர் இருக்கிறாரா இல்லையா? இருக்கிறார் என்றால், நான் குழாய்க்குத் தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் அவர் தொண்டையை அவரைக் கேட்காமல் விற்றவள் ஆவேன். அவர் பக்கத்தில் போய், யார் பார்த்தால் என்ன என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வேணும்னா மூடு, வாணாம்னா மேல பாரு! இது கூடவா மறந்துட்டே?"

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரைச் சுற்றித் திரை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓவென்று அழுதாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்துத் திரும்பினால் அவர் கண் அந்தத் திரைமேல் இருந்தது. ஆடாமல் இருந்தது. என்னைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் பார்த்தார், கண்ணை மூடி வைத்திருந்தார், திறந்தார், திரையைப் பார்த்தார்.

எல்லாச் சொல்லையும் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை. தெரியாமல் சுற்றிச் சுற்றிப் போனேனா, தெரிந்தே போனேனா, எனக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, ஆனாலும் வாய் வரவில்லை. கழுத்தில் தாலியோடு, புருஷன் முகத்துக்கு நேரே, அவரைப் பற்றி. அவர் சொல்வதாக இருந்தாலும் சத்தம் என்னுடையதுதானே? அவர் காத்திருந்தார். வேறு யாரும் அதை அவருக்காகச் சொல்லப்போவதில்லை.

"செத்தா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "நீ செத்தா. அதானே மாமா?"

அவர் கண்ணை மூடினார். ஆமாம். திறந்தார், மறுபடி மூடினார். ஆமாம், ஆமாம். எத்தனையோ நாளாக முதுகில் அரித்த இடத்தில் ஒருவர் சொறிந்துவிட்ட மாதிரி அவர் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே வரிசையைச் சொன்னேன். அந்தச் சொல் கிடைத்ததும் மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது.

குழாய், ஆமாம். நான், ஒருவேளை, கண் செத்தால், நீ, குழாய், எடு. நான், சாவு. ஆமாம்.

வார்த்தை வார்த்தையாக நான் திரும்பச் சொல்லிக் கேட்டேன். கண் ஆடுகிற வரைக்கும், உன்னோடு பேச முடிகிற வரைக்கும், இந்தக் குழாயோடு கிடக்கச் சம்மதம். கண்ணும் நின்று பேச்சு இல்லாமல் போனால் என்னை உள்ளே வைத்துப் பூட்டாதே, எடுத்துவிடு. இதுதானே? ஆமாம். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றானே என் அண்ணன். எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக யோசித்திருந்தார். அதைச் சொல்லத்தான் வாய் இல்லை.

நான் டாக்டரைத் தேடி ஓடினேன். மொட்டைத் தலைகளும் ஸ்ட்ரெச்சர்களுமாக இருந்த நடையில் அவரைப் பிடித்து நிறுத்தி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வைக்கிறது நான் வெச்சிடுவேன்மா. எடுக்கிறது என் கைல இல்ல. அதுக்குக் கமிட்டி, கையெழுத்து, எவ்வளவோ இருக்கு. அப்ப இங்க எந்த டாக்டர் இருப்பாரோ. எடுப்போம்னு உங்களுக்கு நான் மாட்ட இவ்வலேனு." வாக்குக் கொடுக்க முடியாது என்கிறார். பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

வார்டுக்குத் திரும்பி நடந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது. மழையில் கட்டிலை நகர்த்தக் கற்றுக்கொண்ட 'ஒருவேளை'யை அவர் தன் உயிருக்கு வைத்துக் கேட்டார். அதை இங்கே யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவரிடம் போய் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஒருவேளைன்றது இல்லையாம் மாமா. வெச்சா வெச்சதுதான். சும்மா ஆமாவா, இல்லையான்னு கேக்கறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேலே பார்த்தார்.

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழாயைப் போட்டுக்கொள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் மேலே பார்த்த கண்ணைக் கீழே இறக்கவில்லை.

முகமூடியோடு நகரிக்கு அழைத்து வந்தோம். புத்தூர் தாண்டும்போது வண்டியில் கண்ணை அகல விரித்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் அதே கட்டில், அதே சுவர், அதே காலண்டர். ஒன்று மட்டும் மாறியது. அந்தச் சொல்லை ஒவ்வொரு தடவையும் என் வாயால் சொல்லவைக்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அதற்கு ஒரு குறி வைத்தார். காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கதவை ஒரு தடவை பார்ப்பது. அதன்பிறகு எங்களுக்குள் தடையே இல்லை. கதவுக்குப் பின்னால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொன்னார். பச்சைச் சட்டை போடு. பூ ரொம்ப வேண்டாம், தும்மல் வரும். தும்மல் எப்படி வரும் என்று நான் கேட்டேன், இரண்டு பேரும் சிரித்தோம். அத்தை அடுப்படியில் இருந்தபடியே எங்களைப் பார்த்தாள். அவள் இன்னும் அரிசி நெறஞ்சி கீது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் அவர் கேட்டார். நான், ஒருவேளை, கதவு. நீ, யார், பேச்சு. கண்ணை அகல விரித்தார்.

"உங்கம்மாகூட சண்ட போட்டுக்கினு கெடப்பேன். அதுக்கே நாள் பத்தாது," என்றேன்.

மேலே பார்த்தார். அந்தப் பேச்சு இல்லை. என்னைப் பார்த்தார், தன் பக்கச் சுவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். இந்தப் பேச்சு. இதை நீ யாரோடு பேசுவாய் என்கிறார். இரண்டே பேர் பேசுகிற பாஷையில் ஒருவர் போனால் மற்றவர் என்ன செய்வது? தெரியாது என்பதற்கும் எங்களிடம் சொல் இருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் அவர் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டேன்.

அந்த மாசத்திலேயே ஒரு விடியலில் அவர் இறந்துவிட்டார். பச்சைச் சட்டை போட்டோம். ஊரே வந்து, கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து, போனார்கள். காரியம் முடிந்து அண்ணனும் சித்தூருக்குப் போனான். வருகிறவர்களிடம் எல்லாம் அத்தை, "புள்ள சாமிகிட்ட போய்க்கீறான்," என்றே சொன்னாள். ஊருக்குப் போனவனைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். திரும்பி வரப்போகிறவன் மாதிரி ஏன் பேசுகிறாய் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கத்தவில்லை. நான் யாரோடும் எதுவும் பேசவில்லை.

ஒரு மத்தியானம் வழக்கம்போல வெறும் கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அத்தை அடுப்படியிலிருந்து வந்து எனக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் தலையணை இருந்த இடத்தைப் பார்த்தாள். கதவை ஒரு தடவை பார்த்தாள். மெதுவாகக் கண்ணை இறக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள்.

கீரை ஆய்ந்துகொண்டும் அடுப்பை ஊதிக்கொண்டும் இத்தனை நாளும் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒரு பிழை இல்லை. அவன், சாவு, நடந்துவிட்டது.

அவள் கண்ணை நிமிர்த்தி என்னிடம் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் கண்ணை மூடித் திறந்தேன்.